ஆகாயத்தில் இருந்த ஆசாமி

எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்கள் இரண்டு ரகம். யாரையாவது கண்டுபிடித்துத் தரச் சொல்கிறவர்கள் ஒரு ரகம், தங்களை யாரும் கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் இன்னொரு ரகம். என்ன கண்டுபிடிக்க வேண்டும் என்பதையே தீர்மானித்துக்கொண்டு, இடுப்பில் மீன்கூடையோடு வந்தது கன்னியம்மா ஒருத்திதான்.

"நைனா, எங்கூட்டுக்காரரு பீடி குடிக்கசொல்ல நெருப்பு தவறி வுயுந்துட்ச்சின்னு கண்டுபுட்ச்சிக் குடு. அது போதும்," என்றாள்.

நைனா என்று அவள் அழைத்தது துப்பறிவாளர் தேசப்பனை. நான் அவரை வாத்தியார் என்பேன். ராயபுரம் கல்மண்டபத்தில், வலைநூல் கடைக்கும் சோடாக் கம்பெனிக்கும் நடுவே எங்கள் ஆபீஸ். வாசல் போர்டில் அவர் பெயர் மட்டும் இருக்கும். கீழே என் பெயரையும் போடச் சொன்னால் இடமில்லை என்பார். போர்டில் பாதி சும்மாதான் கிடக்கிறது. என் பெயர் சௌக்கத் அலி. அங்கே இல்லாததால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

"உன் புருஷன் பேரு?" என்றார் வாத்தியார்.

"கருணாகரன். திருவொத்தியூர்ல ஜெயவேல் முதலாளியோட சணல் கெடங்கு எரிஞ்சுதே, அதுக்கு வாட்ச்மேனு. கெடங்கைக் கொளுத்தினதே இவருதான்னு ஸ்டேஷன்ல குந்த வெச்சிகினாங்க. நாளைக்குக் கோர்ட்டுக்கு இட்டுகினு போறாங்களாம்."

"அவரு இன்னா சொல்றாரு?"

கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அத்தச் சொன்னா நீயே சிரிப்ப நைனா. முதலாளியே வந்து கொளுத்திட்டுப் போனாராம். இவரு கண்ணால பாத்தாராம். முதலாளி அன்னிக்கு ஏரோப்ளேன்ல வந்துகினு கீறாரு. ஊரே லாரி புட்ச்சிகினு மீனம்பாக்கம் போயி மாலை போட்டுச்சு. நானும் லாரில போனேன். தவறி வுயுந்துட்ச்சின்னு ஒத்துகினா கொஞ்ச நாள்ல வுட்டுருவாங்களாம். முதலாளி மேல பழி போட்டா வருசக்கணக்கா உள்ள தள்ளுவாங்களாம். இந்த மனுசன் ஒத்துக்க மாட்டேன்றாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு வஞ்சிரத்தை எடுத்து மேஜையில் கிடந்த பத்திரிகையின்மேல் வைத்தாள். அதுதான் எங்களுக்கு அட்வான்ஸ். மீனுக்கு அடியில் ரோஜா மாலையோடு ஜெயவேல் சிரித்துக்கொண்டிருந்தார். 'பம்பாயிலிருந்து ஆகாய மார்க்கமாகத் திரும்பிய ராயபுரம் பிரமுகர்' என்று போட்டிருந்தார்கள்.

ஜெயவேலை இந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசியும் கயிறும் கோழியும் சப்ளை செய்கிறவர். கப்பல் கேப்டன்களோடு தோளில் கை போட்டுப் பேசுவார். போன மாதம் கணக்குப்பிள்ளை வேம்புவை உதவிக்கு அழைத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலில் போனார். திரும்பும்போது வேம்பு ரயிலில் வருவான், தாம் விமானத்தில் வருவோம் என்று தந்தி அடித்தார். அவ்வளவுதான், ஊருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ராயபுரத்தில் ஆகாயம் ஏறிய முதல் ஆள் அவர். முடிதிருத்தும் கடை 'ஏரோப்ளேன் சலூன்' ஆயிற்று. டீக்கடைக்காரர் கொஞ்சம் உயரமாகத் தூக்கி ஆற்றிவிட்டு அதற்கு ஏரோப்ளேன் டீ என்று பெயர் வைத்தார். அதைக் குடித்துப் பார்த்தேன், பழைய கலீஜ் டீதான்.

"பீடிதான்னு கண்டுபுடிக்க முடியுமா நைனா?"

"உண்மை எதுவோ அத்தக் கண்டுபுடிக்கலாம்," என்றார் வாத்தியார்.

அந்தப் பதில் கன்னியம்மாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மீனைத் திரும்ப எடுத்துக்கொள்வாளோ என்று நான் கொஞ்சம் பயந்துதான் போனேன்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ரகுபதி எங்களைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் பெல்ட் இறுகும், பெல்ட் இறுகினால் நிறுத்திவிடுவார்.

"தேசப்பன், நீங்களுமா? ஒருத்தர் ஆகாசத்துல இருக்கார். அதே நேரத்துல அவரைத் தரையில பார்த்தேன்னு ஒருத்தன் சொல்றான். இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"விமானக் கம்பெனியில விசாரிச்சீங்களா சார்?"

"விசாரிக்காம இருப்பேனா? பிரயாணிகள் பட்டியல்ல பேர் இருக்கு. ஒரு சீட்டுகூடக் காலி இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல, அவர் வெளியே வந்தப்போ மாலை போட்டதே நான்தான்." அதைச் சொல்லும்போது கையைக்கூட மாலை போடுவதுபோல் வைத்துக்கொண்டார்.

"மாலை போட்டப்ப டிக்கெட்டு பாத்தீங்களா சார்?" என்று நான் கேட்டேன்.

"பெரிய மனுஷன்கிட்ட டிக்கெட் கேக்க நான் என்ன டிராம் கண்டக்டரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கருணாகரன் லாக்கப் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வாய் அதிகம் இல்லாத ஆள். இரண்டு நாளாக எல்லோரும் சிரித்துச் சிரித்து, இருந்த வாயும் போயிருந்தது. வாத்தியார் கம்பிக்குப் பக்கத்தில் தாமும் குந்திக்கொண்டு, நடந்ததைக் கேட்டார்.

"மத்தியானம் சோறு துண்ணுட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். தலையில துண்டைப் போட்டுகினு, கையில டின்னோட அவரு போறாரு. முதலாளின்னு கூப்டேன். திரும்பாமப் போய்ட்டாரு. உள்ள பாத்தா குப்புனு எரியுது."

"மூஞ்சியப் பாத்தியா?"

"இல்ல."

"அப்புறம் அவருதான்னு எப்பிடிச் சொல்ற?"

கருணாகரன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அவருகிட்ட வேலைக்குச் சேந்ததிலேர்ந்து அவரு முதுகைத்தான் நைனா பாத்துகினு கீறேன். என்னிக்கி நின்னு என் மூஞ்சியப் பாத்துப் பேசியிருக்காரு? அந்த முதுகு எனக்குத் தெரியாதா?"

இன்ஸ்பெக்டர் பின்னால் நின்று மறுபடி சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, ஆனால் கோர்ட்டில் போய் முதுகைச் சாட்சி சொன்னால் மாஜிஸ்ட்ரேட் என்ன செய்வார் என்று கவலையாக இருந்தது.

"பீடின்னு ஒத்துக்கச் சொல்லி உன் சம்சாரம் சொல்றா," என்றார் வாத்தியார்.

"நான் பீடியே குடிக்கிறதில்ல நைனா. வுட்டு வருசம் ஆவுது. அவளுக்கும் தெரியும்."

அன்று சாயங்காலம் கல்மண்டபத்துக்கு எதிரே இருந்த மைதானத்தில் கூட்டம். 'ஆகாயத்தில் என் அனுபவங்கள்' என்ற தலைப்பில் ஜெயவேல் பேசுகிறார், தலைமை தாங்குகிறவர் இன்ஸ்பெக்டர் ரகுபதி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உட்கார இடமில்லை. துறைமுகமே வந்திருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள், படகுக்காரர்கள், கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்த லஸ்கர்கள், மீன் விற்கிற பெண்கள், அவர்கள் அழைத்து வந்த உறவுக்காரர்கள் என்று மைதானம் கொள்ளவில்லை.

மேடையில் ஒரு சின்ன மேஜை. அதன்மேல் ஜெயவேலின் தோல்பை, விமானக் கம்பெனி கட்டிய சீட்டோடு. பைக்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஜெயவேல் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் சோடா பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றது கணக்குப்பிள்ளை வேம்பு. ஒல்லியான, தலையை எண்ணெய் வைத்து வாரிய, சட்டையின் மேல்பொத்தானையும் போட்டுக்கொள்கிற மனிதர்.

"பெரியோர்களே, தாய்மார்களே," என்று ஜெயவேல் ஆரம்பித்தார். "விடிகாலையில் பம்பாயில் ஏறினேன். பொழுது சாய மீனம்பாக்கத்தில் இறங்கினேன். ஆயிரத்தைந்நூறு மைல். மணிக்கு நூற்றைம்பது மைல் வேகம். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்து மணி நேரம் அடியேன் அந்தரத்தில் இருந்தேன்."

கைதட்டல். பெண்கள் பக்கத்திலிருந்து ஐயோ என்று ஒரு பரிதாபக் குரல்.

"கீழே என்ன தெரிந்தது என்கிறீர்கள்? கடல். எங்கும் கடல். இடது பக்கம் கள்ளிக்கோட்டை வந்தது, போயிற்று. இடது பக்கம் கன்னியாகுமரி. கையெடுத்துக் கும்பிட்டேன்."

அப்போது வேம்பு குனிந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஜெயவேல் சோடாவை வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"பிறகு கொழும்பு. துறைமுகத்தில் கப்பல்கள் எறும்புபோல நிற்கின்றன. நான் சாமான் சப்ளை செய்த கப்பல் ஒன்றையே அடையாளம் கண்டுகொண்டேன். அப்படியே இலங்கையைச் சுற்றி வளைந்தோம். திருகோணமலையைத் தாண்டியதும் வடக்கே நேர்க்கோடு, நம் சென்னைப் பட்டணம்."

வேம்பு மறுபடி இழுத்தார். ஜெயவேல் கையை உதறினார்.

"கொசு போலக் கீது," என்றேன் வாத்தியாரிடம்.

என் பக்கத்தில் நின்ற கிழட்டு லஸ்கர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். "கரீட்டா சொல்றாரு. கள்ளிக்கோட்டை, கொழும்பு, திருகோணமலை. அதான் பம்பாய் ரூட்டு." அவருக்கு முன்னால் இருந்தவர் ஆட்டினார். அவருக்கு முன்னால் இருந்தவரும் ஆட்டினார். என் மாமு கப்பலில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர், அவர் சொன்ன பம்பாய்க் கதையிலும் இதே ஊர்கள் இதே வரிசையில்தான் வரும். ஆகவே நானும் ஆட்டினேன்.

வாத்தியார் மட்டும் கையைத் தூக்கினார். "ஐயா, ஒரு சந்தேகம். பிளேன் இலங்கையைச் சுத்தித்தான் வந்துதுங்களா?"

மைதானமே அவரைத் திரும்பிப் பார்த்தது. "பம்பாய்லேர்ந்து மெட்ராசுக்கு இலங்கையைச் சுத்தாம எப்பிடி வரும், உன் தலைமேலயா வரும்?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் நன்றி சொல்லிவிட்டுக் கையை இறக்கினார். எனக்குத்தான் மானம் போயிற்று.

ஆபீசுக்குத் திரும்பும் வழியில் வலைநூல் கடையில் கொஞ்சம் நூல் வாங்கினார். சோடாக் கம்பெனிக்காரர் வீட்டிலிருந்து பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை இரவல் வாங்கினார். மேஜையிலிருந்த மீனை ஒதுக்கிவிட்டு இந்தியப் படத்தை விரித்தார்.

"பம்பாய்ல ஒரு முனையைப் புடி."

பிடித்தேன். கரை ஓரமாகவே நூலை இறக்கி, கன்னியாகுமரி தாண்டி, இலங்கையைச் சுற்றி, சென்னைக்குக் கொண்டுவந்து அறுத்தார். பிறகு இன்னொரு நூலைப் பம்பாயிலிருந்து சென்னைக்கு நேராகப் படத்தின் குறுக்கே இழுத்து அறுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டாவது, முதல் நூலில் பாதிகூட வரவில்லை.

"இது கப்பல் ரூட்டு. இது பிளேன் ரூட்டு," என்றார். "நடுவுல கடல் எங்க கீது, காட்டு."

காட்டத் தேடினேன். கிருஷ்ணா நதி இருந்தது. கடல் இல்லை.

"வாத்தியாரே, ரயில் தரையில போறது தெரியும். அதுக்குத் தண்டவாளம் கீது. தண்டவாளம் இல்லாததெல்லாம் கடல் ரூட்டுலதானே போவும்? பிளேனுக்கும் கேப்டன்னுதானே சொல்றாங்க?"

"நம்ம ஃபுட்பால் டீமுக்கும் கேப்டன் கீறாரு. அவரு கொழும்பைச் சுத்திக்கினா போயி கோல் போடுறாரு?" என்றார் வாத்தியார். "கப்பலுக்குத் தரையில ஓடத் தெரியாது, அதான் அது சுத்துது. மேல பறக்கிறதுக்கு இன்னா தலையெழுத்து? நேராப் போனா எழுநூறு மைலுக்குள்ள. நடுவுல ஒரு ஊர்ல இறங்கி ஏறினாக்கூட அஞ்சு மணி நேரம் தாராளம். சாயங்காலம் இறங்கின பிளேன் மத்தியானம்தான் பம்பாயை வுட்டிருக்கும். விடிகாலையில ஏறின இவரு மத்தியானம் வரைக்கும் எங்க குந்தியிருந்தாரு?"

நான் நூலைக் கீழே போட்டேன். "அப்ப அவரு பறக்கவே இல்ல. தெரிஞ்ச கப்பல்காரங்க சொன்னத வெச்சிக் கதை அளந்துட்டாரு."

"அளந்தாரு. நம்ம ஜனங்களும் அதே மாதிரி அளந்து சரின்ட்டாங்க. இதே கதையை அவரு கடலே இல்லாத அரியலூர்ல போயி சொல்லியிருந்தா அங்கியே மாட்டிகினு இருப்பாரு."

"ஜல்தி வா வாத்தியாரே, இன்ஸ்பெக்டர்கிட்டப் போவலாம்."

"நூலைக் காட்டினா அவரு போட்ட மாலையை வாபஸ் வாங்குவாரா? பயத்துல ஒன்னும் பாக்கலை, வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்னு ஜெயவேல் சொன்னா முடிஞ்சுது. பட்டியல்ல பேரு கீது சௌக்கத்து. சீட்டும் காலி இல்ல."

அது உண்மைதான். ஜெயவேல் பறக்கவில்லை, ஆனால் ஜெயவேலின் சீட்டில் ஓர் உடம்பு பறந்திருக்கிறது. அது யாருடைய உடம்பு என்று தெரியாவிட்டால் விடிந்ததும் கருணாகரனுக்குக் கோர்ட்டு. யார் என்று கேட்டேன். காலையில் நாஸ்தா முடித்துவிட்டு வா என்றார். இப்படிச் சொல்கிறவரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்வது எவ்வளவு பேஜாரு என்று யாருக்கும் புரியாது.

காலையில் வாத்தியார் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு ஜெயவேலின் கடைக்கு வந்துவிட்டார். கருணாகரனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். தாம் விமானத்தில் பம்பாய் போகப்போவதாகவும், அனுபவசாலியிடம் நாலு விஷயம் கேட்க வேண்டும் என்றும் சொன்னாராம். இன்ஸ்பெக்டருக்கும் அந்தக் கதையை இன்னொரு தடவை கேட்க ஆசை. கோர்ட்டுக்குப் போகிற வழியில்தானே என்று வந்துவிட்டார்.

ஜெயவேல் எங்களை உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். பக்கத்து மேஜையில் வேம்பு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்குங்க," என்றார் வாத்தியார். "பத்து மணி நேரம் மேலேயே இருக்கணுமே. ஒன்னுக்கு வந்தா?"

"அடக்கிக்கணும்," என்றார் ஜெயவேல். "அதுக்குத்தான் மனோதிடம் வேணும்ங்கறது."

வேம்புவின் பென்சில் முனை உடைந்தது. மறுபடி சீவ ஆரம்பித்தார்.

"சாப்பாடு?"

"வாழை இலை போட்டு, மீன் கொழம்பு ஊத்தி, ராஜ உபசாரம்."

மறுபடி உடைந்தது.

"காது அடைக்கும்னு சொல்றாங்களே?"

"அதெல்லாம் சும்மா. எனக்கு ஒன்னுமே இல்ல. ஜன்னலைத் தொறந்து வெச்சிகினு காத்து வாங்கினு வந்தேன்."

வேம்பு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று கொசு என்று நினைத்தேனே, அது கொசு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாத்தியார் காப்பியை நிதானமாகக் குடித்துவிட்டு, "தனியாப் போவ பயமா கீது. வேம்புவை என்கூட அனுப்புறீங்களா? அவருக்கும் ஏரோப்ளேன் பாத்த மாதிரி இருக்கும்," என்றார்.

ஜெயவேல் வாய்விட்டுச் சிரித்தார். "இவனா? நல்ல ஆளைப் புடிச்சீங்க. இவனை ஏத்தினா படிக்கட்டுலேயே அழுதுருவான். மூணாங்கிளாஸ் ரயில்ல வந்த பயல் சார் இவன், இவனுக்கு ஆகாயத்தைப் பத்தி இன்னா தெரியும்?"

"யாரு அழுதது?" என்றார் வேம்பு.

நாற்காலி பின்னால் சரிய எழுந்து நின்றார். மேல்பொத்தான் போட்ட கழுத்து சிவந்திருந்தது.

"யாரு அழுதது? ஜன்னலைத் தொறந்தாராம். அத்தத் தொறக்கவே முடியாது சார், கண்ணாடி. காது அடைக்கும், பஞ்சு குடுப்பாங்க, பெப்பர்மிண்டு குடுப்பாங்க, சப்பிகினே இருக்கணும். பத்து மணி நேரமாம். பின்னால கக்கூஸ்கூட கீது சார். அஞ்சு மணி நேரம்தான் மொத்தமே. நடுவுல ஐதராபாத்ல இறக்கி, டீயும் பிஸ்கோத்தும் குடுத்து ஏத்திகினாங்க. கடலு எங்க கீது? வழிபூரா வயலும் பாறையும் ஆறும். நம்ம ஊருகிட்ட வரசொல்லதான் தூரத்துல ஒரு நீலக் கோடு தெரியும். அத்தனை அழகா கீது சார் அது. அத்தப் போயி இவரு கொழும்பு, திருகோணமலைன்னு மேடை போட்டு..."

நிறுத்திவிட்டார்.

"உனக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வேம்பு ஜெயவேலைப் பார்த்தார். ஜெயவேல் காலிக் காப்பி டம்ளரைத் தூக்கிக் குடித்தார்.

"நான் சொல்றேன் சார்," என்றார் வாத்தியார். "நேத்து மைதானத்துல அவ்ளோ ஜனம். எல்லாரும் தலையாட்டினாங்க. நீங்க ஆட்டினீங்க, நம்ம சௌக்கத்து ஆட்டினான். கன்னியாகுமரின்னதும் சட்டையைப் புடிச்சி இழுத்தது ஒரே ஆளு. பம்பாய்க்கும் மெட்ராசுக்கும் நடுவுல கடல் இல்லன்னு இந்த ராயபுரத்துல அவருக்கு மட்டும் எப்பிடித் தெரியும்? மேலேர்ந்து பாத்தவருக்குத்தான் தெரியும். ஜெயவேல் பேர்ல இருந்த சீட்டுல வந்தது வேம்பு. வேம்பு வந்ததா ஊர் நினைச்ச ரயிலுக்கு முந்தின நாள் ரயில்ல வந்தது ஜெயவேல்."

அதற்குப் பிறகு வேம்புவை நிறுத்த முடியவில்லை. முதலாளிக்கு உயரம் என்றால் பயமாம். டிக்கெட்டை வாங்கிவிட்டு, எனக்கு நெஞ்சு படபடக்கிறது, நீ என் பேரில் ஏறு, நான் இரண்டு நாள் முன்னாலேயே மெயில் ரயிலில் கிளம்புகிறேன், வெளியே சொன்னால் மானம் போகும் என்றாராம். விமானம் கிளம்ப வேண்டிய அன்று காலை, சென்ட்ரலுக்கு முந்தின பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் மெயில் நின்றபோது ஜெயவேல் இறங்கிக்கொண்டார். திருவொற்றியூருக்குப் போய் மத்தியானம் கிடங்கு வேலையை முடித்தார். சாயங்காலம் மீனம்பாக்கத்தில், வேம்பு இறங்கி வந்ததும் கழிப்பறைப் பக்கம் கூப்பிட்டுப் பையை வாங்கிக்கொண்டு, மற்ற பிரயாணிகளோடு வெளியே வந்து மாலைக்குக் கழுத்தை நீட்டினார். கிடங்கின் இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத்தான் இத்தனையும்; இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்டால் ஊரே சாட்சி, இன்ஸ்பெக்டர் முதல் சாட்சி. ஆகாயத்தில் வந்த வேம்பு, ஊர்வல லாரி போகும்வரை ஒளிந்திருந்துவிட்டு எலெக்ட்ரிக் ரயிலில் நின்றுகொண்டு ஊர் வந்தார். ரயிலில் வருகிற ஆள் மறுநாள்தானே வர வேண்டும், ஆகவே அன்று வீட்டுக்குக்கூடப் போகாமல் பீச் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்திருந்தார்.

"கெடங்கு எரிஞ்சது தெரிஞ்சப்புறமாவது வாயைத் தொறந்தியாய்யா?" என்று நான் கேட்டேன். எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "அங்க ஒருத்தன் உள்ள குந்திகினு கீறானே."

வேம்பு தலையைக் குனிந்துகொண்டார். "வேலை போயிருமேன்னு கம்முனு இருந்தேன்."

"ஒரு ஆளு ஜெயிலுக்குப் போறத இவரு பொறுத்துகினாரு," என்றார் வாத்தியார் இன்ஸ்பெக்டரிடம். "ஏரோப்ளேனைத் தப்பாச் சொன்னதைப் பொறுக்க முடியலை. அத்த நம்பித்தான் சார் நான் இங்க வந்தேன்."

ஜெயவேல் எழுந்தார். "இன்ஸ்பெக்டர், ஒரு கணக்குப்பிள்ளை பேச்சைக் கேட்டு..." என்று ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் ரகுபதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு வேதனையை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"அப்போ நான் மாலை போட்டது ரயில்ல வந்தவனுக்கா?" என்றார்.

அந்தக் குற்றத்தை அவரால் மன்னிக்க முடியவில்லை. ஜெயவேலின் தோளில் கை வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். தீ வைத்ததற்காக மட்டும் என்றால் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார வைத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேம்புவையும் சாட்சி சொல்ல அழைத்துக்கொண்டார். ஜீப்பைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கிடங்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மேலே இருந்து பார்த்தால் மாடு தெரியுமா, மனுஷன் தெரியுமா என்று வேம்புவைத்தான் கேட்டார்கள். வேம்பு விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டரும் ஜீப்பை எடுக்கச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கருணாகரனை விட்டபோது உச்சி வெயில். ஸ்டேஷன் வாசலில் கன்னியம்மா காத்திருந்தாள். விஷயம் அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது. வாத்தியாரைக் கையெடுத்துக் கும்பிட்டாள், என்னைப் பார்த்து பாய் நீ நல்லா இருக்கணும் என்றாள். புருஷனைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

கருணாகரன் மெதுவாகப் படி இறங்கி வந்தார். ஸ்டேஷனே சிரித்தபோதுகூட அவர் முகம் இப்படி வாடியதில்லை.

"ஊரு நம்பலை, வுடு," என்றார். "நான் பீடி குடிக்கிறதில்லன்னு உனக்குத் தெரியும். நீகூடவாடி நம்பலை?"

கன்னியம்மா பொய் சொல்லவில்லை. "நம்பலை," என்றாள். "அவரு மீனம்பாக்கத்துல வெளிய வந்தத நானும்தான் பாத்தேன். வானத்துலேர்ந்து வந்தவரு எங்க, நீ எங்கன்னு இருந்துட்டேன்." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கருணாகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கன்னியம்மா எழுந்து, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்னாலேயே ஓடினாள்.

"இனிமே நீ கடல்மேல நடந்து வந்தேன்னு சொன்னாக்கூட நம்புறேன்யா. நில்லுய்யா."

அவர் நின்றார். திரும்பி அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அதெல்லாம் வேணாம். நான் தரையில பாத்ததைச் சொன்னா நம்பு, அது போதும்."